கோலத்திற்கு முன் வாசல்

(வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கப் பாடல்களைப் பற்றியும் சிறுகதைகளைப் பற்றியும் அறிஞர்கள் பேசிய மேடை இது. இங்கே ஒரு கணிப்பொறி ஆசிரியனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். "உங்கள் துறையிலிருந்தே பேசுங்கள், கணிப்பொறித் திரையில் படம் எப்படி வருகிறது என்று எங்களில் பலருக்குத் தெரியாது" என்று செயலாளர் வற்புறுத்தினார். ஒப்புக்கொண்டு வீட்டில் அமர்ந்து குறிப்பெழுதத் தொடங்கியபோது ஒன்று புலப்பட்டது. படம் வரைவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பதைக் காட்டிலும், படம் வரைவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைப் பற்றிச் சொல்ல இருப்பதே மிகுதி. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசப்போகிறேன். மேசைமேல் இருக்கும் ஒரு சாதாரணக் கணிப்பொறியில், நாமே நிரல் எழுதி ஒரு கோட்டை வரைய வேண்டுமானால், அந்தக் கணிப்பொறியை அதற்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதே பொருள்.

மார்கழி மாதத்து விடியற்காலையை நினைத்துக்கொள்ளுங்கள். கோலத்தைப் பார்த்துப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, ஈரம் பதமாகும்வரை காத்திருந்த அரைமணி நேரத்தை யார் பாராட்டுகிறார்கள்? வாசல் சரியாகத் தெளிக்கப்படவில்லை என்றால் மாவு நிற்காது. அப்போது பார்ப்பவர் வாசலைக் குறை சொல்வதில்லை. கோலம் போட்ட பெண்ணுக்குக் கைவரவில்லை என்றே சொல்லுவார்.

வரைகலை நிரல் கற்கவரும் மாணவருக்கு நேர்வதும் இதுவே. அப்படி நேர்ந்த ஒரு மாணவியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் குற்றவாளி நானே என்பதால் சொல்வதற்குத் தயக்கமில்லை. கல்லூரியின் பெயர் மட்டும் வேண்டாம்.

1997-ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அக்காலத்தில் நம் நாட்டுக் கல்லூரிகளில் சி மொழி என்றாலே போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி தான். 1987-இல் முதன்முதலாக வெளிவந்த அந்தத் தொகுப்பி, எழுதவும் தொகுக்கவும் ஓட்டிப் பார்க்கவும் ஒரே நீலத்திரையில் இடம் கொடுத்தது. அதனோடு பிஜிஐ என்னும் வரைகலைத் தொகுதியும் வந்தது. கோடு, வட்டம், வில், நிறம் நிரப்புதல் எல்லாவற்றுக்கும் அதில் ஆயத்தக் கட்டளைகள் இருந்தன. திரை வழக்கமாக 80 பத்தியும் 25 வரியுமாக எழுத்துகளை மட்டுமே காட்டும் நிலையில் இருக்கும். இனிட்கிராஃப் என்னும் கட்டளையைக் கொடுத்தால் அது வரைகலை நிலைக்கு மாறி, விஜிஏ திரையாக இருந்தால், 640-க்கு 480 என்ற கணக்கில் 3,07,200 புள்ளிகளையும் 16 நிறங்களையும் நம் கையில் கொடுத்துவிடும். முதன்முதலாக அந்தக் கறுத்த திரையில் நான் எழுதிய கட்டளையால் ஒரு வெள்ளைக் கோடு தோன்றிய நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் இருபது கணிப்பொறிகள். அவற்றுள் இரண்டில் மட்டுமே வன்வட்டு உண்டு. மற்றவை ஒரு மையக் கணிப்பொறியோடு கம்பியால் இணைக்கப்பட்டவை. தமக்கென்று வட்டு இல்லாதவை. டர்போ சி அந்த மையக் கணிப்பொறியில், எஃப் என்று பெயரிடப்பட்ட வட்டில் இருந்தது. இதைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சி, பிரெசன்ஹாம் முறையில் கோடு வரைதல். ஜாக் பிரெசன்ஹாம் என்பவர் ஐபிஎம் நிறுவனத்தில் 1962-இல், பேனாவால் தாளில் வரையும் ஒரு பொறிக்காக உருவாக்கி 1965-இல் வெளியிட்ட முறை அது. பெருக்கல் வகுத்தலில் நேரம் போக்காமல், முழு எண்களைக் கூட்டிக் கழித்தே, அடுத்த புள்ளி நேரே செல்லுமா சாய்ந்து செல்லுமா என்று அது முடிவு செய்யும். அழகான முறை. நான் அதைக் கரும்பலகையில் உற்சாகமாக விளக்கிவிட்டு, நிரலின் தொடக்கத்தில் எழுத வேண்டிய மூன்று வரிகளை மட்டும் விளக்காமல், "இவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். இனிட்கிராஃப் கட்டளையும், அது தேட வேண்டிய அடைவின் பெயரும் அந்த வரிகளில்தான் இருந்தன. நூல்களில் இருந்தபடியே, சி வட்டில் டிசி என்னும் அடைவில் பிஜிஐ என்னும் உள்ளடைவு என்று எழுதிப்போட்டேன்.

அந்த வகுப்பில் தமிழ்வழியில் படித்துவந்த ஒரு மாணவி இருந்தார். வெளியூரிலிருந்து பேருந்தில் வருவதால் ஆய்வக வகுப்புக்குச் சிறிது தாமதமாகவே வருவார். வன்வட்டு உள்ள இரண்டு பொறிகளும் அதற்குள் நிரம்பியிருக்கும். அவர் நிரலை எழுதுவார், பிழையின்றித் தொகுக்கப்படும், ஓட்டுவார். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வரும். "பிஜிஐ பிழை: வரைகலை தொடங்கப்படவில்லை, இனிட்கிராஃப் கட்டளையைப் பயன்படுத்துக" என்பது அதன் பொருள்.

அவர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். "நான் இனிட்கிராஃப் போட்டிருக்கிறேனே, சார்" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். போட்டிருந்தார். எனக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு அந்த வயதில் எனக்கு இல்லை. "எங்கேயோ தட்டச்சுப் பிழை இருக்கும், கவனமாக மறுபடி அடித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் மூன்று வாரம் கவனமாக அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே வரி. பதிவேட்டில் மட்டும், அவருடைய திரையில் ஒருபோதும் தோன்றாத அந்தக் கோட்டை, அளவுகோல் வைத்துப் பென்சிலால் வரைந்து ஒட்டிக் கொடுத்தார். நான் கையெழுத்திட்டேன். அடுத்த பருவத்தில் அவர் வேறு துறைக்கு மாறிக்கொண்டார். காரணம் இதுவொன்றே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது இல்லை என்றும் சொல்ல என்னால் முடியவில்லை.

பருவத்தின் இறுதியில் ஆய்வக உதவியாளர், வேறொரு பையனின் நிரலில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். "இந்தப் பொறியில் சி ஏது சார்? எஃப் அல்லவா போட வேண்டும்?" என்றார். ஓர் எழுத்து. நான் படித்ததோ வன்வட்டுள்ள பொறியில். சி இல்லாத கணிப்பொறி ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு வரைகலை நிரல் உயிர்பெறுவதற்கு மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். முதற்கட்டத்தில் தொகுப்பி நிரலைப் படிக்கும். அப்போது கிராஃபிக்ஸ் என்னும் தலைப்புக் கோப்பு வேண்டும். அதில் வேலை செய்யும் கட்டளைகள் இல்லை. இன்னின்ன பெயரில் இன்னின்ன கட்டளைகள் உண்டு என்ற அறிவிப்பு மட்டுமே இருக்கும். இரண்டாம் கட்டத்தில் இணைப்பி, அதாவது லிங்கர், அந்தக் கட்டளைகளின் உண்மையான உடலை நூலகக் கோப்பிலிருந்து எடுத்துப் பொருத்தும். மூன்றாம் கட்டத்தில், நிரல் ஓடத் தொடங்கியபின், அந்தக் குறிப்பிட்ட திரையோடு பேசத் தெரிந்த இயக்கி, அதாவது டிரைவர், வட்டிலிருந்து ஏற்றப்படும்.

நம் ஊர்த் திருமணத்தை வைத்துச் சொன்னால், அழைப்பிதழில் நாதசுர வித்துவானின் பெயர் அச்சாகிவிட்டது. அது தலைப்புக் கோப்பு. முகூர்த்த நாளில் வித்துவானும் வந்துவிட்டார், அது நூலகம். ஆனால் நாயனம் இருக்கும் பெட்டி வேறு பேருந்தில் போய்விட்டது. அந்த மாணவியின் நிரலில் முதலிரண்டும் செவ்வையாக நடந்தன. பெட்டிதான் வரவில்லை.

இயக்கியை ஏன் நிரலோடு சேர்க்காமல் தனிக் கோப்பாக வைத்தார்கள் என்று கேட்கலாம். அன்றைய சந்தையில் திரைகள் பலவகை. சிஜிஏ திரைக்கு 320-க்கு 200, நான்கு நிறம், இஜிஏவுக்கு 640-க்கு 350, பதினாறு நிறம், ஹெர்குலிஸ் அட்டைக்கு 720-க்கு 348, ஒரே நிறம், பிறகு விஜிஏ. எந்த வீட்டில் எந்தத் திரை இருக்கும் என்று நிரல் எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே நிரல் ஓடும் இடத்தில், ஓடும் நேரத்தில், திரையைச் சோதித்து உரிய இயக்கியை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு. மிக விவேகமான ஏற்பாடு என்றே இன்றும் கருதுகிறேன். விளக்கமின்றி ஒப்புவிக்கப்பட்டதால் அது மாணவர்க்குப் பொறியாகிவிட்டது.

இன்னொரு கொடுமையும் உண்டு. திரையில் தோன்றிய பிழைச்செய்தி, இனிட்கிராஃப் போட்டவரைப் பார்த்து இனிட்கிராஃப் போடு என்கிறது. இயக்கி கிடைக்காமல் இனிட்கிராஃப் தோற்றுப் போனதை அந்தத் தொகுதி அப்போதே உரக்கச் சொல்வதில்லை. அடுத்து வரும் கோடு வரையும் கட்டளைதான் முட்டிக்கொண்டு கத்துகிறது. உண்மைக் காரணம் வேண்டுமானால் நாமாகக் கேட்க வேண்டும். கிராஃப்ரிசல்ட் என்றொரு கட்டளை இருக்கிறது. இனிட்கிராஃபுக்கு அடுத்த வரியில் அதைக் கேட்டிருந்தால், கழித்தல் 3 என்னும் எண்ணைத் தந்திருக்கும். அதற்குரிய செய்தியை அச்சிடச் சொன்னால், "இயக்கிக் கோப்பு கிடைக்கவில்லை" என்று, தேடிய கோப்பின் பெயரோடு சொல்லியிருக்கும். அந்த ஒரு கேள்வி என் கரும்பலகைப் பாடத்தில் இல்லை.

அடைவின் பெயரை எழுதுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சி மொழியில், மேற்கோளுக்குள் வரும் பின்சாய்வுக் கோடு தனியே நிற்காது. அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறு பொருள் கொள்ளும். பின்சாய்வுக்குப் பின் சிறிய டி வந்தால் அது தாவல் இடைவெளி. சிறிய பி வந்தால் ஓர் எழுத்துப் பின்னோக்கி நகர்தல். இப்போது "சி:\டிசி\பிஜிஐ" என்று ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளில் ஒற்றைப் பின்சாய்வோடு எழுதிப் பாருங்கள். இரண்டு விபத்துகளும் ஒரே வரியில் நேர்ந்துவிடுகின்றன! கணிப்பொறி தேடுவது ஒரு தாவலும் ஒரு பின்னகர்வும் கலந்த, உலகில் எங்குமே இல்லாத ஓர் அடைவை. பின்சாய்வை இரட்டித்து எழுத வேண்டும் என்பதன் காரணம் இதுதான். புணர்ச்சி விதிகளை அறிந்த உங்களுக்கு இது விளங்காமல் போகாது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சேரும்போது உருமாறுவதைப் போன்றதே.

இப்படிக் குழம்புவோர்க்கு எளிய வழி ஒன்று இருந்தது. இஜிஏவிஜிஏ என்னும் அந்த இயக்கிக் கோப்பை, நிரல் ஓடும் அடைவிலேயே ஒரு படியெடுத்து வைத்துவிட்டு, மேற்கோளுக்குள் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடலாம். அது தன் காலடியில் தேடிக்கொள்ளும்.

காலம் மாறியது. டர்போ சி பதினாறு பிட்டுக் கணிப்பொறிகளுக்காக எழுதப்பட்டது. விண்டோஸின் 64 பிட்டுப் பதிப்புகளில் பதினாறு பிட்டு நிரல்கள் ஓடா. 2009-இல் விண்டோஸ் 7 வந்து, வீடுகளிலும் கல்லூரிகளிலும் 64 பிட்டுப் பொறிகள் பெருகியபோது, நம் பாடத்திட்டங்கள் பலவும் மாறாமல் நின்றன. பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளுக்குள் டர்போ சியைக் குடிவைத்து, நம் பிள்ளைகள் தொடர்ந்து படித்தார்கள். டாஸ்பாக்ஸுக்குள் மெளன்ட் என்ற கட்டளையால் ஓர் அடைவை வட்டாகப் பாவிக்கச் சொல்ல வேண்டும். வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர். மறுபடியும் அதே குழப்பம், இப்போது இரண்டு அடுக்காக! பழையதைக் கற்பிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. தொடக்க மாணவருக்குப் பிஜிஐயைப் போல எளிமையான கட்டளைகள் அரிது. அதனால்தான் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெயின் என்பவர் அதே கட்டளைகளை விண்டோஸில் ஓடும்படி வின்பிஜிஐஎம் என்று அமைத்துக் கொடுத்தார். ஆனால் இது பழையது, இது வேறொரு பொறியின் நடிப்புக்குள் ஓடுகிறது என்பதை மாணவரிடம் சொல்லாமல் விடுவது முறையன்று.

இனி அண்மைக் காலத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு என் தங்கை மகள், கல்லூரியில் வரைகலைப் பாடம் எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்த பழைய மேசைக் கணிப்பொறியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஓபன்ஜிஎல். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1992-இல் வெளியிட்டு, 2006 முதல் குரோனோஸ் என்னும் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்கும் வரைகலை முறை அது. பிஜிஐ போல ஒரே நிறுவனத்தின் பெட்டிக்குள் எல்லாம் அடங்கி வருவதில்லை. தொகுப்பி ஓரிடம், சாளரம் திறக்கும் நூலகம் ஓரிடம், இயக்கி வரைகலை அட்டை செய்தவரிடம். நானும் அவளும் மூன்று மாலைப் பொழுதுகள் உட்கார்ந்தோம்.

முதல் மாலை தொகுப்பிக்கே போயிற்று. விஎஸ் கோட் என்னும் மென்பொருளை நிறுவியதோடு எல்லாம் வந்துவிட்டது என்று அவள் எண்ணியிருந்தாள். அவள் தோழியரும் அப்படியே. அது எழுதும் பலகை மட்டுமே, தொகுப்பி அன்று. எம்சிஸ்2 வழியாக மிங்டபிள்யு தொகுப்பியை நிறுவினோம். நிறுவியபின்னும் "அப்படியொரு கட்டளை இல்லை" என்றே விண்டோஸ் சொன்னது. எந்தெந்த அடைவுகளில் கட்டளைகளைத் தேடுவது என்பதற்கு விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பாத் என்று அதற்குப் பெயர். அந்தப் பட்டியலில் நம் அடைவைச் சேர்த்து, திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடித் திறந்தோம். மூடித் திறக்காவிட்டால் பழைய பட்டியலே அதன் நினைவில் இருக்கும். இந்தச் சிறு விஷயத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போயிற்று.

இரண்டாம் மாலையில் சாளரம் திறக்கும் நூலகமாகிய ஜிஎல்எஃப்டபிள்யுவை இணைக்கப் பார்த்தோம். தொகுப்பி ஒப்புக்கொண்டது, இணைப்பி, வரையறுக்கப்படாத பெயர்கள் என்று ஒரு திரை நிறையப் பட்டியலிட்டது. அவள் முகம் வாடிவிட்டது. "நான் என்ன தப்பு செய்தேன், மாமா?" என்றாள்.

எனக்கு 1997 நினைவுக்கு வந்தது. "நீ ஒரு தப்பும் செய்யவில்லை. முதற்கட்டம் தாண்டிவிட்டாய், இது இரண்டாம் கட்டத்துப் பிழை. அழைப்பிதழ் சரி, ஆள்தான் வரவில்லை" என்றேன். கட்டளை வரியில் நூலகப் பெயர்களை அவள் நிரலின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தாள். இந்த இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். நூலகத்தைப் பார்க்கும் நேரத்தில் அதிலிருந்து யாருக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலகத்தை முன்னால் வைத்தால், யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டுப் போய்விடும். பெயர்களை இறுதிக்கு நகர்த்தினோம், இணைந்தது. ஓட்டினால், 0 எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு, நிரலைத் தொடங்க முடியவில்லை என்றொரு பெட்டி. இது மூன்றாம் கட்டம். நிரல் 64 பிட்டு. அவள் எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்த டிஎல்எல் கோப்பு 32 பிட்டு. இரண்டும் ஒரே பந்தியில் உட்கார மாட்டா. சரியான கோப்பை, நிரல் இருக்கும் அதே அடைவில் வைத்ததும் சாளரம் திறந்தது. இஜிஏவிஜிஏ கோப்பைக் காலடியில் வைத்த அதே வைத்தியம்!

மூன்றாம் மாலைதான் கடினமானது. விண்டோஸோடு வரும் ஓபன்ஜிஎல் கோப்பு, 1.1 என்னும் மிகப் பழைய பதிப்பின் கட்டளைகளை மட்டுமே நேராகத் தரும். பிந்திய பதிப்புகளின் கட்டளைகள் வரைகலை அட்டையின் இயக்கிக்குள் இருக்கின்றன. நிரல் ஓடும்போது ஒவ்வொன்றின் முகவரியையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த நூற்றுக்கணக்கான முகவரிகளை ஒரே அழைப்பில் வாங்கிக் கொடுப்பது கிளாட் என்னும் துணை நூலகம். சாளரத்தைத் திறந்து, அதை நடப்புச் சூழலாக அறிவித்த பின்னரே கிளாடை அழைக்க வேண்டும். அவள் முன்னதாக அழைத்திருந்தாள். நிரல் ஒரு வார்த்தையும் பேசாமல் இறந்தது. வரிசையை மாற்றினோம். சாளரம் நின்றது, முக்கோணம் வரவில்லை. வெறும் இருட்டு.

இருட்டுக்குக் காரணம் இரண்டு. அவள் வைத்திருந்த நிரலின் ஒரு பாதி 1990-களின் முறையிலும் மறு பாதி புதிய முறையிலும் எழுதப்பட்டிருந்தது. பழைய முறையில் முனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். 2009-இல் வந்த 3.1 பதிப்பு அதை மையத்திலிருந்து நீக்கிவிட்டது. புதிய முறையில் முனைகளை மொத்தமாக அட்டையின் நினைவகத்தில் இறக்கி, அவற்றை எங்கே வைப்பது, என்ன நிறம் கொடுப்பது என்று சொல்லும் ஷேடர் என்னும் இரு சிறு நிரல்களையும் கொடுக்க வேண்டும். எந்த நூலைப் பின்பற்றினாலும் முழுதாகப் பின்பற்றுங்கள். இரண்டைக் கலக்காதீர்கள் என்பதே தொடங்குவோர்க்கு நான் சொல்லும் முதல் அறிவுரை. இரண்டாவது காரணம், ஷேடரில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. ஷேடர் தொகுக்கப்படாமல் தோற்றதை ஓபன்ஜிஎல் தானாகச் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்லும். கேட்பதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் சேர்த்ததும், எந்த வரியில் என்ன பிழை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கிராஃப்ரிசல்ட்டைக் கேட்காமல் விட்ட என் பழைய பாடமும் இவளுடைய புதிய நிரலும் ஒரே இடத்தில்தான் இடறின.

இரவு ஒன்பதரை மணிக்கு முக்கோணம் வந்தது. ஆரஞ்சு நிறம். அவளுடைய பாட்டி அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இதற்கா மூன்று நாள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லினக்ஸ் வைத்திருப்பவர்க்கு இவ்வளவு பாடு இல்லை. தொகுப்பியையும் நூலகங்களையும் ஒரே கட்டளையில் வருவித்துவிடலாம். ஆப்பிள் நிறுவனம் 2018-இல் ஓபன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. 2016-இல் வந்த வல்கன் என்னும் முறையில் ஒரு முக்கோணத்துக்கே ஏறத்தாழ ஆயிரம் வரிகள் எழுத வேண்டும். தொடங்குவோர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

முக்கோணத்துக்குப் பிறகு அவள் வரைய விரும்பியது கோலம். இது புதிய எண்ணம் அன்று. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் 1970-களிலேயே கோலங்களைப் பட மொழிகளாகக் கண்டு, அவற்றுக்கு இலக்கணம் வகுத்து, பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார்கள். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்ட மொழியில், வாசல் கோலத்துக்கும் இலக்கணம் கண்டவர்கள் என்று அவர்களை இந்த வட்டத்தில் நினைவுகூர்வது பொருந்தும். என்னிடம் டர்போ சி காலத்தில் எழுதிய ஒரு விளக்குக் கோல நிரல் இருந்தது. அதன் எண்களை அப்படியே மாற்றிக் கொடுத்தேன். விளக்கு தலைகீழாகத் தொங்கியது! பிஜிஐயில் தொடக்கப்புள்ளி திரையின் இடது மேல் மூலை. எண் கூடக் கூடக் கீழே இறங்கும். ஓபன்ஜிஎல்லில் நடுவே தொடங்கி, எண் கூடினால் மேலே ஏறும். புள்ளிக் கோலமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. மேலும் கீழும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

விளக்கின்கீழே தமிழில் பெயர் எழுத முடியுமா என்று கேட்டாள். இந்த அவையிலும் யாரேனும் கேட்பீர்கள். முடியும், ஆனால் ஓபன்ஜிஎல்லுக்கு எழுத்தே தெரியாது, முக்கோணங்கள் மட்டுமே தெரியும். எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்துத் தர ஃப்ரீடைப் வேண்டும். அதுவும் போதாது. 'கொ' என்னும் எழுத்தில் ககரத்துக்குப் பின் ஒரே குறியாக ஒருங்குறியில் பதிவாகும் உயிர்க்குறி, திரையில் ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். அந்த வடிவமைப்பைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம். இவ்விரண்டையும் சேர்க்க எங்களுக்கு நான்காவது மாலை ஒன்று தேவைப்பட்டது. அதைத் தனியே ஒரு கூட்டத்தில் பேசலாம். இன்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அந்த மூன்று மாலைகளிலும் நாங்கள் செய்தவற்றை நானும் அவளும் தமிழில் நான்கு பக்கங்களாக எழுதியிருக்கிறோம். எந்தப் பிழைச்செய்தி எந்தக் கட்டத்துக்குரியது, அப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. செய்திகளின் பொருளைத் தமிழில் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் இந்தப் பாடம் படித்தால், செயலாளரிடம் பிரதி வாங்கிக் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தில் நூலகங்களின் வரிசை தவறாக அச்சாகிவிட்டது. எல்லாப் பிரதிகளிலும் மையால் திருத்தியிருக்கிறேன். திருத்தாத பிரதி எதுவும் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.